சுந்தரராமன் வீட்டு எலிவேஷன்

மந்தைவெளி ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிஷ நடையில் இருக்கிறது சுந்தரராமனின் வீடு. அவருடைய அப்பா ஐம்பத்தாறில் கட்டியது. பூச்சு இல்லாமல் செங்கல்லை அப்படியே வெளியே தெரியவிட்ட முகப்பு. அந்த நாளில் ரிக்‌ஷாக்காரரிடம் ‘சிவப்புக்கல் வீடு’ என்று சொன்னால் போதும், நேராகக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அப்படிப்பட்ட வீட்டை யார் கண்ணுக்கும் படாமல் செய்தவர் சுந்தரராமன்தான்.

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கல்யாணமான ஐந்தாம் வருஷம் மழையில் சுவரில் ஓதம் ஏறியது. யாரோ சொன்னார்கள் என்று முகப்பு முழுவதும் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்தார். அடுத்த வருஷம் வராந்தாவிலிருந்து ஒரு சைக்கிள் திருட்டுப் போனது. காம்பவுண்டு சுவரை ஆறடிக்கு உயர்த்தினார், கேட்டுக்குத் தகரம் அடித்தார், வராந்தாவுக்குக் கிரில் போட்டு ஷீட்டால் மூடினார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் பழைய கோப்புகளைப் பத்திரப்படுத்துவது அவருக்கு வேலை. வீட்டையும் அதே கையால் பத்திரப்படுத்திவிட்டார்.

அவர் மனைவி ஹம்சா ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் இருந்தாள். சாயங்காலம் வந்ததும் காபி டம்ளரோடு வராந்தாவில் நின்று தெருவைப் பார்ப்பது அவளுக்கு வழக்கம். சுவர் எழும்பியபின் எதிர்வீட்டுத் தென்னையின் தலை மட்டும்தான் தெரிந்தது. “தெருவே தெரியமாட்டேங்கறதே” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். தூசி வராது என்றார் அவர். மூன்றாம் தடவை அவள் சொல்லவில்லை. குழந்தைகளும் இல்லாத வீடு. போகப் போகச் சத்தம் குறைந்துபோனது.

நாலு வருஷத்துக்கு முன்பு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, ஹம்சா வேளச்சேரிக்குப் போனாள். அவளுடைய காலமான அண்ணனின் மனைவி நீரஜாவுக்கு முட்டியில் ஆபரேஷன். ஆறு வாரம் கூடமாட இருந்துவிட்டு வருவதாகப் பேச்சு. ஆறு வாரம் ஆறு மாதமாயிற்று. சண்டை ஒன்றும் இல்லை. தினமும் காலையில் போன் செய்து சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்று கேட்பாள். அவர் போட்டாயிற்று என்பார். திரும்பி வருவதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

இந்த வருஷம் பொங்கலுக்கு அவர் வேளச்சேரிக்குப் போனார். ஐந்தாவது மாடி பால்கனியில் ஹம்சா நின்றுகொண்டிருந்தாள். கீழே ரயிலைப் பிடிக்க ஓடும் ஒரு பெண்ணைக் காட்டி, அவள் தினமும் இப்படித்தான் ஓடுவாள், ஒரு நாளும் தவறவிட்டதில்லை என்று சொல்லிச் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தன் வீட்டில் எப்போது கடைசியாகக் கேட்டோம் என்று ரயிலில் திரும்பும்போது சுந்தரராமன் யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. இறங்கி நடந்து வந்து, தன் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் நின்று அதை முதல்முதலாக அந்நியனைப் போல் பார்த்தார். கோடவுன் மாதிரி இருந்தது.

மறு வாரமே மேஸ்திரி ஷரஃபுதீனை வரச் சொன்னார். பழைய வீடுகளின் முகப்பை, அவர்கள் பாஷையில் எலிவேஷனை, சரிசெய்வதில் கெட்டிக்காரர் என்று கேள்வி. மெஷின் வைத்து ஒரே நாளில் பெயின்ட்டை எடுத்துவிடலாமா என்று சுந்தரராமன் கேட்டார். ஷரஃபுதீன் சாவியால் ஓர் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார்.

“மெஷின் வச்சா கல்லோட தோலே பூடும் சார். அப்பால மழைத்தண்ணி உள்ள எறங்கிடும். மருந்து தடவி, ஊறவிட்டு, பிரஷ்ஷால கையிலதான் தேய்க்கணும். நாளாவும். பொறுமை கீதா?”

“இருக்கு” என்றார் சுந்தரராமன்.

இருபத்துமூன்று நாள் ஆயிற்று. முதலில் ஷீட்டும் கிரில்லும் போயின. காம்பவுண்டு சுவர் இடுப்பளவுக்கு இறங்கியது. கல்லுக்குக் கல் நடுவே உதிர்ந்த இடங்களில் சுண்ணாம்புக் கலவை வைத்துப் பூசினார்கள். ஜன்னலைச் சுற்றியிருந்த கற்களைத் தானே தேய்ப்பதாகச் சொல்லிவிட்டார் சுந்தரராமன். சாம்பல் நிறம் குழைந்து வழிய, அடியிலிருந்து சிவப்பு தலைகாட்டும்போது கை தன்னால் நின்றுவிடும். இதை மூடியபோது ஹம்சாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை என்பது ஒரு நாள் சட்டென்று நினைவுக்கு வந்தது. அன்று அதற்கு மேல் அவரால் வேலை செய்ய முடியவில்லை.

சுவர் இறங்கியதும் தெரு உள்ளே வரத் தொடங்கியது. எதிர்வீட்டு மாடியில் பதினோரு வருஷமாகக் குடியிருப்பவரின் பெயர் ஜவஹர் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் சுப்பம்மா துணி கொடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். “இன்னா சார், இம்மாம் அழகை உள்ள வச்சிக்கினு மூடி வச்சிருந்தியே” என்றாள்.

வேலை முடியும்வரை ஹம்சாவிடம் மூச்சுவிடவில்லை. முடிந்தபின், இந்த வெள்ளிக்கிழமை வந்துவிட்டுப் போ என்று மட்டும் சொன்னார். அன்று காலையிலிருந்தே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பத்து மணி வாக்கில் தெருமுனையில் அவள் நடை தெரிந்தது. வந்தாள். வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். இரண்டு வீடு தள்ளிப் போய், குழம்பி, நின்றாள்.

“ஹம்சா” என்று கூப்பிட்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். எதிர்ச்சாரிக்குப் போய் நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து ஜன்னலோரக் கல்லை உள்ளங்கையால் தொட்டாள்.

அவர் காபி போட்டுக் கொண்டுவந்தார். இருவரும் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். போகிற வருகிறவர்கள் அவரை விசாரித்துவிட்டுப் போவதை ஹம்சா ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நாலு வருஷமாகக் கேட்காததை அவர் கேட்டார்.

“வந்துடறியா?”

அவள் தெருவையே பார்த்தபடி இருந்தாள். “மொதல் வருஷம் காத்துண்டிருந்தேன். தினம் போன் பண்றச்சே, இன்னிக்குக் கேட்டுடுவார், இன்னிக்குக் கேட்டுடுவார்னு. அப்பறம் அது விட்டுப்போச்சு.”

“இப்போ கேக்கறேனே.”

“கேக்கறேள். சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா மன்னியால தனியா இருக்க முடியாது. எனக்கும் அந்த எடம் பழகிடுத்து.” பிறகு, “ஏன்னா, வீடு ரொம்ப அழகா இருக்கு” என்றாள்.

சாப்பிட்டாள், சமையலறையை ஒழுங்குபடுத்தினாள், வெயில் தாழ்ந்ததும் கிளம்பினாள். சுந்தரராமன் ஸ்டேஷன்வரை கூடவே நடந்தார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவளை வழியனுப்ப அவர் நடந்துபோனது அதுதான் முதல் தடவை. வண்டி நகர்ந்த பிறகும் பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் நின்றிருந்தார்.

திரும்பி வந்தபோது மாடியிலிருந்து ஜவஹர், மேடம் கிளம்பிவிட்டார்களா என்று கேட்டார்.

“கிளம்பிட்டா. அடுத்த வெள்ளிக்கிழமை வரேன்னா” என்றார் சுந்தரராமன். ஹம்சா அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு மூன்று வெள்ளிக்கிழமைகள் வந்துபோயிருக்கிறாள். மற்ற வாரங்களில் வரவில்லை. எதனால் என்று அவர் கேட்பதில்லை. வராத நாட்களில், பத்து மணி ரயிலில் இறங்கியவர்கள் எல்லோரும் தெருவைக் கடந்து முடிக்கும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். சிலர் கைகாட்டிவிட்டுப் போகிறார்கள். அவரும் கைகாட்டுகிறார், கண் மட்டும் தெருமுனையிலேயே இருக்கிறது.