ஆணியடிக்க ஒரு செவுரு

என் கவிதைக்கு விருது அறிவித்த மறுநாளும் நான் அருள்புரத்துப் பனியன் கம்பெனிக்கு வேலைக்குத்தான் போனேன். அங்கே லைன் சூப்பர்வைசர். தையல் மிஷின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. சென்னையிலும் டெல்லியிலும் கவிதை வாசித்தபோது மைக்செட்காரர்கள்தான் திணறிப்போனார்கள். மேடை என்றால் எனக்கென்ன பயம்? பயமெல்லாம் என் மாமியாரிடம்தான்.

அவருக்குக் கவிதை என்றாலே ஆகாது. குடும்பத்துச் சங்கதியைச் சந்தியில் வைக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். நான் எழுதியதில் ஒரு வரியைக்கூட அவர் காதில் வாங்கியதில்லை. எங்கள் ஊர் ராயபுரத்துக் கல்யாண மண்டபத்தில் எனக்குப் பாராட்டு விழா என்றதும் என்ன தோன்றியதோ, பட்டுச்சேலை கட்டி வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். நான் அவர் கண்ணில் படாத ஓரத்து நாற்காலிக்கு மாறிக்கொண்டேன்.

காரணம் இருக்கிறது. வாடகை வீட்டில் மாமனார் படத்தை மாட்ட ஆணியடித்தோம் என்று வீட்டுச் சொந்தக்காரர் ஒருநாள் சத்தம் போட்டுவிட்டுப் போனார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு அத்தை அன்று சொன்ன சொல்லில்தான் என் கவிதை முடிகிறது. விருதே அதற்குத்தான். இது அவருக்குத் தெரியாது. ஊர் உலகம் பாராட்டி என்ன, அவருக்குப் பிடிக்க வேண்டுமே என்று கிடந்து அடித்துக்கொண்டது மனசு.

அந்த நேரம் பார்த்து விழாச் செயலாளர் பக்கத்தில் வந்து குனிந்தார். "அம்மிணி, ஊடு, செவுருன்னு வருதுங்களே, அதை வீடு, சுவர்னு படிச்சுருங்க. வெளியூர்ப் பெரியவங்க வந்திருக்காங்க, நம்மளப் பட்டிக்காடும்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது. டெல்லியில் கூசாத சொல் ராயபுரத்தில் கூசுகிறதாம்! "சரிங்க" என்று சொல்லிவிட்டு மேடையேறினேன். எங்கள் பக்கம் சரிங்க என்றால் சம்மதம் என்று அர்த்தமில்லை. அது வெறும் மரியாதை. பாவம், உள்ளூர்க்காரராக இருந்தும் அவர் நம்பிவிட்டார்.

கடைசி வரியை அத்தையைப் பார்த்தே வாசித்தேன்.

"ஆணியடிக்க ஒரு செவுரு இருந்தாத்தான் கண்ணு, அது ஊடு."

அத்தை எழுந்தார். போச்சு, கிளம்பப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் செயலாளர் பக்கம் திரும்பி, வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "ஏனுங்க, அது நாஞ் சொன்னதுங்க."

மண்டபமே சிரித்துக் கைதட்டியது. நான் இறங்கிப்போய் மைக்கை அவரிடமே நீட்டினேன். கொஞ்சமும் வெட்கப்படாமல் வாங்கி, அந்த வரியை என்னைவிட நன்றாகச் சொன்னார். பின்னால் இருந்த என் லைன் பெண்கள் விசிலடித்தார்கள். செயலாளரும் எழுந்து நின்று தட்டினார், வேறென்ன செய்வார். எனக்குப் போட்ட பொன்னாடையைக் கழற்றி அத்தை தோளில் போட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று வாய்விட்டுக் கத்தலாம் போலிருந்தது.

ஆட்டோவில் திரும்பும்போது, அடுத்து கோயமுத்தூரில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றேன். அத்தை பொன்னாடையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"அந்த வரிய நாஞ் சொல்லிக்கறேன். மத்ததெல்லாம் நீயே படிச்சுக்க."