சில்லில்லாத வாகனத்துக்கு ஓர் அர்ச்சனை

என் மனுசன் தேவராஜாவுக்குக் கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஒரு வியாதி இருக்கிறது. ஒரு பொருளை வாங்குவதற்கு முன் அதைப் பற்றி உலகத்தில் உள்ள அத்தனையையும் படித்து முடித்துவிட வேண்டும். ரைஸ் குக்கர் வாங்க ஐந்து மாதம் எடுத்தார். அந்த ஐந்து மாதமும் நான் பானையில்தான் சோறு வடித்தேன். பிரிட்ஜ் வாங்கப் போனபோது அளவுநாடாவோடு உள்ளே தலையை விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றதில், கடைக்காரப் பிள்ளை பயந்துபோய் மனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

இவர் சிட்னியில் இருபத்து மூன்று வருடமாக பஸ் ஓட்டுகிறார். செவன் ஹில்ஸிலிருந்து பரமட்டா, அங்கிருந்து மறுபடி செவன் ஹில்ஸ். ஒரு கீறல் இல்லை, ஒரு தண்டம் இல்லை. பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டுப்படும் கார்க்காரர்கள் இவரைப் பற்றி என்ன சொல்வார்கள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

இந்த மனுசன் பனியைப் பிரீசருக்குள்தான் பார்த்திருக்கிறார். அப்படிப்பட்டவர் ஸ்னோமொபைல் வாங்கப் புறப்பட்டார் என்றால் நம்புவீர்களா? பனியில் ஓடுகிற மோட்டார் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில்லு, சக்கரம் என்று ஒன்றும் கிடையாது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, அடியில் சுற்றி ஓடும் ரப்பர் பட்டி, அவ்வளவுதான்.

எல்லாம் எங்கள் ஒரே மகள் வினுஷாவின் கலியாணத்தால் வந்தது. பிசியோதெரபி படித்தவள். போன வருடம் வேலைக்கென்று கனடாவில் கல்கரிக்குப் போய் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்துவிட்டு, வரும்போது நிதுஷன் என்று ஒரு பெயரோடு வந்தாள். அவர் அங்கேயே பிறந்து வளர்ந்த கணக்காளர், அமைதியான பிள்ளை. பேசி முடித்தோம். தை மாதம் இங்கே கலியாணம், பிறகு அவளுக்குக் கல்கரிதான் வீடு. சீதனமாக ஒரு சதமும் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். எனக்குச் சந்தோசம். இவருக்கு முகம் செத்துப் போனது.

"என்ரை பிள்ளையை வெறுங்கையோடையே அனுப்புறது? நீரே சொல்லும், ராணி."

"அவையள் வேண்டாமெண்டால் விடுங்கோவன்."

"அது அவையின்ரை பெருந்தன்மை. என்ரை மரியாதை எங்கை?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இது சீதனமில்லை, அன்பளிப்பு. ஏதாவது ஒண்டு சொல்லும். சொல்லாட்டி நான் போனை வைக்கமாட்டன்." வினுஷா அப்போது இவருடைய முதுகுக்குப் பின்னால் நின்றாள். மாப்பிள்ளை இவருடைய தோளைத் தாண்டி எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "மாமா... ஒரு ஸ்னோமொபைல். சமநிலத்திலை வேகமா... ஓடவேணும். மலையிலை, தூள் பனியிலையும்... ஏறவேணும்." எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் குசினியில் புட்டு அவித்தபடி எட்டிப் பார்த்ததோடு சரி, சந்தேகம் வரவில்லை.

அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று. இவர் காலையில் ஸ்னோமொபைல், மாலையில் ஸ்னோமொபைல். ஒரு சனிக்கிழமை நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால், என் கோதுமை மா முழுவதும் பெரிய தட்டத்தில் பரவிக் கிடக்கிறது.

"இஞ்சை பாரும், ராணி. இது மலையிலை விழுந்த தூள் பனி. இந்தத் தேக்கரண்டி கட்டைப் பட்டி மெசின். சமநிலத்திலை பறக்கும். தூளுக்குள்ளை?" அமத்தினார். கரண்டி மாவுக்குள் புதைந்தது. பிறகு என் தோசைத் தட்டகப்பையை எடுத்தார். "இது நீளப் பட்டி. பாரும், மிதக்குது. ஆனால் சமநிலத்திலை வேகமா விட்டால் ஆட்டம் குடுக்கும். இறுகின தரையிலை எஞ்சினும் சூடாகும். பனியைக் கிளறி மேலை எறிஞ்சால்தான் அதுக்குக் குளிர்ச்சி."

"இந்த மாவை ஆர் அள்ளுறது?"

"பொறும், நடுத்தரப் பட்டி இன்னும் காட்டேல்லை." நடுத்தரத்துக்கு என் தலைச்சீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். பட்டியில் உள்ள பல்லின் உயரமும் முக்கியமாம். எனக்கு வந்த கொதியில் அந்தச் சீப்பை யன்னலால் எறிந்தேன்.

படித்தது காணாது என்று ஓகஸ்டில் ஆறு மணித்தியாலம் கார் ஓடி, பனிமலை அடிவாரத்தில் இருந்த ஒரு கடைக்கு என்னையும் கட்டுச்சோற்றோடு கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் தாடி வைத்த வெள்ளைக்காரர், பொறுமைசாலி. இவர் மெசினில் ஏறி இருந்துகொண்டு பக்கக் கண்ணாடி எங்கே என்று கேட்டார். பின்னால் இருப்பவர் இறங்க வேண்டுமென்றால் எந்தப் பொத்தானை அமத்துவது என்று கேட்டார். பகிடி என்று நினைத்து அந்த மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார். மலைச் சரிவில் ஓடும்போது எழுந்து நின்று உடம்பைச் சரிக்க வேண்டும் என்று அவர் சொன்னதும், இவர் உடனே எழுந்து நின்றார். இடப்பக்கம் சரிந்தார், ஒன்றும் நடக்கவில்லை. வலப்பக்கம் சரிந்தார், கையுறை அடுக்கியிருந்த தட்டோடு சேர்ந்து நிலத்தில் கிடந்தார். ஐயோ, எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

எழும்பித் தலையில் இருந்த கையுறையைத் தட்டிவிட்டு, "இதுதான், ராணி. மாப்பிள்ளைக்கு இதுதான்," என்றார். நடுத்தரப் பட்டி, நூற்றைம்பது குதிரை வலு.

"அவ்வளவு என்னத்துக்கு?"

"மாப்பிள்ளைக்குச் சின்ன எஞ்சின் குடுத்தால் ஆக்கள் என்ன நினைப்பினம்?"

கல்கரியில் அதே மெசின் விற்கும் கடையை இணையத்தில் தேடிப் பிடித்து ஓடரை நிரப்பி வைத்தார். ஒரு பொத்தானை அமத்துவதுதான் பாக்கி. அமத்துவதற்கு முன் கோயிலில் அர்ச்சனை செய்ய வேண்டுமாம். வாகனம் கனடாவில் இருப்பதால் அதன் படத்தைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசைக்குப் போனோம். ஐயர் படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சில்லு இல்லையே. தேசிக்காய் எங்கை வைக்கிறது?" புது வாகனத்தின் சில்லுக்கு அடியில் எலுமிச்சங்காய் வைத்து நசுக்குவதுதானே வழக்கம்.

"அதைத்தான் நானும் யோசிச்சனான், ஐயா. சறுக்குக் கட்டைக்கு ரெண்டு, பட்டிக்கு ஒண்டு. சரிவருமோ?"

ஐயர் ஒத்துக்கொண்டார். தேசிக்காய்களைப் படத்தின் மேல் வைத்துவிட்டு, "ஓடுறவரின்ரை பேர், நட்சத்திரம்?" என்றார். மாப்பிள்ளையின் நட்சத்திரம் இவருக்கு மறந்துவிட்டது. அந்த இடத்திலேயே கல்கரிக்குப் போன் எடுத்து, எல்லோரும் கேட்கும்படி சத்தமாக வைத்தார்.

"என்ரை நட்சத்திரம் என்னத்துக்கு, மாமா?" என்றார் மாப்பிள்ளை. "நான் ஓடமாட்டன். எனக்கு அதெண்டால் சரியான பயம். வினுஷா தானே ஓடுறவ. போன விண்டர் முழுக்க அவதான் ஓடினவ. நான் பின்னாலை கண்ணை மூடிக்கொண்டு இருந்தனான்."

இவர் சட்டென்று போனை நிறுத்தினார். ஐயர் மெல்ல, "அப்ப பிள்ளையின்ரை நட்சத்திரம்?" என்று கேட்டார். இவர் படத்தைச் சுருட்டிக்கொண்டு நடந்தார். மூன்று தேசிக்காயும் உருண்டு ஓடின. நான்தான் குனிந்து பொறுக்கினேன்.

அன்று பின்னேரம் வினுஷா வேலையால் வந்தபோது, இவர் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். திரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி மெசின், அதன் மேல் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று இருந்து சிரித்தது. கூடிய வேகம் மணிக்குப் பதின்மூன்று கிலோமீற்றர்.

"இது சமநிலத்திலையும் ஓடுமாம், பிள்ளை," என்றார். "பாதுகாப்பாம்."

வினுஷாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அப்பா, திஸ் இஸ் சோ அன்ஃபேர்! நிதுஷனுக்கெண்டால் நூற்றைம்பது குதிரை. எனக்கெண்டால் ஆட்டுக்குட்டியோ?"

"அவர் விழுந்தால் அவரின்ரை அப்பா அழட்டும்! நீ விழுந்தால் நான் என்னடி செய்வன்?"

சம்பந்தி வீட்டார் கேட்டிருந்தால் கலியாணம் அன்றைக்கே நின்றிருக்கும். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரு பிள்ளையைத் தூர தேசத்துக்கு அனுப்பப் போகிற மனுசன் இத்தனை மாதமாகப் பட்டியும் பல்லும் கதைத்துக்கொண்டு திரிந்தது ஏனென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வினுஷா கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். "நான் விழுந்தனான், அப்பா. எட்டுத் தரம். நீங்கள் பயப்பிடுவியள் எண்டுதான் சொல்லேல்லை."

"எட்டுத் தரமோ!"

"ஒன்பதாந்தரம் விழேல்லை. நீங்கள் வாங்கித் தாறதைத்தான் ஓடுவன். மஞ்சளைத் தந்தால் மஞ்சளை ஓடுவன். ஆனால் நிதுஷன் எனக்கு முன்னாலை நடந்து போவார்."

இவர் சிரிக்கவில்லை. கம்பியூட்டரை மூடிவிட்டுப் போய்ப் படுத்தார். அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் ஸ்னோமொபைல் என்ற சொல்லே எழவில்லை. இதற்காகத்தானே கும்பிட்டேன் என்று நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வாய் மூடாமல் கதைக்கிற மனுசன் பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வேண்டுமென்றால் மிச்ச மாவையும் கொட்டுங்கோ என்று சொல்ல வாய் உன்னியது.

அடுத்த வெள்ளிக்கிழமை வினுஷாவை லீவு எடுக்கச் சொன்னார். "ரெண்டு பேரும் வெளிக்கிடுங்கோ. கோயிலுக்கு." காருக்குள் ஏறி பெல்ட் போட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். "விடியவே பொத்தானை அமத்திட்டன்."

"எந்த மெசின், அப்பா?"

"நூற்றைம்பது," என்றார். "மஞ்சளை ஆர் ஓடுறது!"

வினுஷா பின் சீட்டிலிருந்து இவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கார் ஓடும்போது இடைஞ்சல் செய்ய வேண்டாம் என்று இவர் கத்தினார். காரை இன்னும் ஸ்டார்ட் செய்யவே இல்லை.

கோயிலில் ஐயர் தேசிக்காய்களை அடுக்கிவிட்டு நிமிர்ந்தார். அவர் கேட்பதற்கு முன்பே இவர் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "வினுஷா. சதய நட்சத்திரம். ஓடுறது என்ரை மகள்." அர்ச்சனை நல்லபடியாக முடிந்தது. திருநீறு வாங்கிய பிறகும் இவர் நகரவில்லை.

"ஐயா, இன்னுமொரு அர்ச்சனை. தேவராஜா, பூரட்டாதி."

"உங்களுக்கும் வாகனமோ?"

"இல்லை, ஐயா. எனக்குப் பயம்."

ஐயர் சிரிக்கவில்லை. இரண்டாவது தேங்காயைக் கையில் எடுத்தார்.

"மூண்டாவதையும் எடுங்கோ, ஐயா," என்றேன் நான். "யோகராணி, அத்தம்."