எட்டாம் எண்

கிளினிக்கில் அலர்ஜி டெஸ்டுக்காக நர்ஸ் என் மகளின் முன்கையில் பேனாவால் எண்கள் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் உணவின் சாற்றைச் சொட்டு விட்டு லேசாகக் குத்தினார். கால் மணி நேரத்தில் எட்டாம் எண் பக்கத்தில் மட்டும் தோல் தடித்தது.

"முந்திரி," என்றார் டாக்டர்.

நான் சின்னவளாக இருந்தபோது அஸ்தினாபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவுக்குச் சொந்த ஊர் பண்ருட்டி. போய்வந்தால் வறுத்த முந்திரியை என் பாவாடையில் கொட்டி, "எவ்ளோ அழகா இருக்க நீ!" என்று கன்னத்தைக் கிள்ளுவார். அவர் போனதும் என் உதடு வீங்கிவிடும்.

"அவ கண்ணு பொல்லாத கண்ணு," என்று அம்மா மிளகாய் சுற்றிப்போடுவாள். ஒருநாள் அவரிடமே, "இனிமே எங்க வீட்டுக்கு வராதீங்க," என்று சொல்லிவிட்டாள். அக்கா வரவில்லை; நாங்கள் வாங்காத முந்திரியும் வரவில்லை. உதடும் வீங்கவில்லை. அம்மா சொன்னது சரி என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"உங்க ஃபேமிலில யாருக்காவது இப்படி வந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்க சைடுல யாருக்கும் இல்ல சார்," என்றாள் கூட வந்திருந்த அம்மா.

நான் என் உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். அக்காவின் கண்ணில் தப்பில்லை என்றால், ஆசையாக அள்ளிக் கொடுத்த கையிலா தப்பு?

அம்மா முந்தானையால் பேத்தியின் கையை மூடிவிட்டு என் காதருகே குனிந்தாள்.

"அந்த நர்ஸ் பொண்ணு வச்ச கண்ணு வாங்காம பாத்தாடி."