மானிட்டரின் முதுகுச் சூடு

அம்மா இறந்த பிறகு அவருடைய தையல் மெஷின் இழுப்பறையில் ஒரு கணினி வட்டு கிடைத்தது. அப்பாவின் பழைய கணினியில்தான் அது ஓடும். அந்தக் கணினியின் சிக்னலைப் புது மானிட்டர்கள் ஏற்பதில்லை. இரண்டு வாங்கி ஏமாந்திருந்தேன்.

"இது எடுக்கும் லா, நம்புங்க" என்றார் ஸ்கூடாய் ஊரின் மானிட்டர் கடைக்காரர். நம்பாமல் கணினியைக் கடைக்கே தூக்கிப் போய்ச் செருகினேன். படம் வந்தது. என் கை தானாக மானிட்டரின் முதுகைத் தொட்டது. சூடே இல்லை.

சிறு வயதில், பத்து பாகாட் ஊரில் இருந்த எங்கள் வீட்டில் அப்பா வேலை முடிந்து வந்ததும், கால் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல், இதே கணினியின் பழைய பெருத்த மானிட்டரின் முதுகில் உள்ளங்கையை வைப்பார். தூசி கருகும் வாடை வேறு காட்டிக்கொடுக்கும்.

"யாரு விளையாடினது?"

நான் தங்கை தெரசாவைப் பார்ப்பேன். அவள் என்னைப் பார்ப்பாள். தைத்துக்கொண்டிருக்கும் அம்மா தலை நிமிராமல், "ரெண்டும் பொய் சொல்லுதுங்க, விடாதீங்க" என்பார். இருவருக்கும் அடி விழும். நான் தொடாத நாளிலும் சூடு இருந்ததால், தெரசாவோடு வாரக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறேன்.

வட்டைப் போட்டேன். ஒரு விளையாட்டு. அதிகப் புள்ளி எடுத்தவர்களின் பட்டியலில் பத்து இடத்திலும் அம்மாவின் பெயர்.

படம் பிடித்துத் தெரசாவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது:

"நீயே டைப் பண்ணியிருப்ப, அண்ணே."