பொய் சொன்ன ஊசி: செர்டாங்கிலிருந்து கோலா கெடாவுக்கு

“இந்த மோட்டார் குரூணைத் தாண்டாது” என்று என் அண்ணன் சவேரி சொன்னதால்தான் இந்தப் பயணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. கடலைப் பார்க்கப் போனேன், மனத்தைத் தேடிப் போனேன் என்றெல்லாம் எழுத ஆசைதான், ஆனால் பொய்யாகிவிடும்.

மோட்டார் சைக்கிள் நான் உழைத்து வாங்கியது. ரேடியேட்டர் வைத்த 250 சிசி, இரண்டாம் கை வண்டி. வாங்கும்போது என்னிடம் லைசன்ஸ் இல்லாததால் கிராண்ட், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரம், அண்ணன் பெயரில் போனது. அது போதாதா அவருக்கு? ஒருநாள் ஓட்டிப் பார்த்தார், சூடு காட்டும் ஊசி ‘எச்’-இல் போய் நின்றது. எஞ்சின் முடிந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, வாங்க ஆளும் பிடித்துவிட்டார். பொம்பளைக்கு எதற்கு இவ்வளவு பெரிய மோட்டார் என்பதுதான் உள்ளே இருந்த பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோலா கெடா படகுத்துறையில் மோட்டாரை நிறுத்திப் படம் அனுப்பினால் கிராண்ட்டை என் பெயருக்கு மாற்ற வேண்டும், வழியில் லோரியில் ஏற்றும்படி ஆனால் அவர் விற்றுக்கொள்ளலாம் என்று நானே பந்தயம் கட்டினேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை 6.45-க்குக் கெடா மாநிலத்தின் தெற்கே இருக்கும் செர்டாங்கிலிருந்து கிளம்பினேன். அம்மா வழக்கம்போல் தீர்த்தப் போத்தலோடு வாசலில் நின்றார். கோயிலில் ஃபாதர் மந்திரித்துக் கொடுக்கும் தீர்த்தத்தில் ஒரு சிட்டிகை உப்பு இருக்கும். அம்மாவுக்கு அது பத்தாது. மந்திரித்த உப்பைத் தனியாக வாங்கி வந்து ஒரு கைப்பிடி கலந்துகொள்வார். வீட்டிலிருந்து எந்த வண்டி கிளம்பினாலும் முன்பக்கம் முழுக்க ஊற்றி, ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடித்தால்தான் வழிவிடுவார்.

கூலிம் வரை சாலையின் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம்தான். அந்த நேரத்தில் பழ லோரிகள் குறைவு, காற்றும் குளிர்ச்சி. சுங்கை பட்டாணியில் 8.10-க்குப் பசியாறினேன். ரொட்டி சானாய் இரண்டு, தே தாரேக் டீ ஒன்று, ஐந்து வெள்ளி எண்பது காசு. நெடுஞ்சாலையில் மோட்டாருக்கு டோல் இல்லை என்றாலும் நான் பழைய சாலையையே பிடித்தேன். ஏதாவது ஆனால் நிற்க நிழலும் கடையும் இருக்கும்.

பீடோங் தாண்டியதும் ஊசி நகரத் தொடங்கியது. முதலில் நடுவைத் தாண்டி ஒரு துள்ளல், அப்புறம் நேராக ‘எச்’. அண்ணன் சிரிக்கிற முகம்தான் கண்முன் வந்தது. ஓரம் கட்டிப் பார்த்தேன். புகை இல்லை, கருகல் வாடை இல்லை, ரேடியேட்டர் பக்கத்துப் போத்தலில் கூலண்ட் அளவு அப்படியே இருந்தது. ஊசி அத்தனை சூடு காட்டியும் ரேடியேட்டர் காற்றாடி சுற்றவே இல்லை. சூடேறினால் அந்தக் காற்றாடியைத் தானாகச் சுற்றவிடத் தனி சுவிட்ச் உண்டு. அது சும்மா இருக்க ஊசி மட்டும் அலறுகிறது என்றால், இரண்டில் ஒன்று பொய். காற்றாடி கெட்டுப்போயிருந்தால் எஞ்சின் நிஜமாகவே வெந்துகொண்டிருக்கும். அதனால் மெதுவாக ஓட்டிக்கொண்டு குரூண் போய், முதலில் கண்ணில் பட்ட பட்டறையில் 9 மணிக்கு நிறுத்தினேன்.

பட்டறை மெக்கானிக்கான போமேன் அண்ணன் மீட்டரை மட்டும் எட்டிப் பார்த்தார்.

“ஹெட் கேஸ்கெட் போயிருச்சும்மா. விட்டுட்டுப் போ, திங்கக்கிழமை பிரிச்சுப் பாக்குறேன்.”

“ரேடியேட்டர்ல கை வச்சுப் பாத்தீங்களாண்ணே?”

“மீட்டரே சொல்லுதேலா. கை வேற எதுக்கு?”

அந்த நேரம் பார்த்துச் சவேரி அண்ணன் போன் செய்தார். போமேன் திரும்பவும் அதையே சொன்னது அவர் காதிலும் விழுந்துவிட்டது. “அங்கேயே இரு. லோரி எடுத்துட்டு வர்றேன்” என்று வைத்துவிட்டார். அண்ணன் பழ லோரி ஓட்டுபவர், வண்டிக்குப் பஞ்சமில்லை.

வரட்டும் என்று மோட்டாரை நிழலில் தள்ளி எஞ்சினை ஆறவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து ரேடியேட்டரில் தாராளமாகக் கை வைக்க முடிந்தது. எஞ்சினை முடுக்காமல் சாவியை மட்டும் திருப்பினேன். ஊசி ஒரே தாவலில் ‘எச்’-க்குப் போனது. ஆறிக் கிடக்கிற எஞ்சினுக்கு எங்கிருந்து காய்ச்சல் வரும்? எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பெட்ரோல் டாங்கிக்குக் கீழே, தெர்மோஸ்டாட் பக்கத்தில் சூட்டைப் பார்க்கும் சென்சர் இருக்கும். அதன் ஒயரைக் கழற்றினேன். ஊசி குளிர்ச்சி காட்டும் ‘சி’-க்கு விழுந்தது. அப்படியானால் மீட்டரும் ஒயரும் சரி, கோளாறு சென்சர் முனையில். ரப்பர் மூடியை மடக்கிப் பார்த்தால் உள்ளே ஈரமும் பச்சைக் களிம்பும், ஓரத்தில் வெள்ளையாக உப்பும். மின்சாரம் அந்த உப்பு ஈரத்தின் வழியாக எஞ்சின் உடம்புக்குக் கசிந்தால் மீட்டர் அதைச் சூடு என்றுதான் எடுத்துக்கொள்ளும். நான் போக வேண்டிய கோலா கெடா கடல் இன்னும் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. உப்பு எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

நல்ல தண்ணீர் விட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். போமேன் அண்ணன் என்ன நினைத்தாரோ, காற்றடிக்கும் குழாயை அவரே இழுத்து வந்து காய வைத்துக் கொடுத்தார். ஒயரை மாட்டி முடுக்கினேன். ஊசி கீழிருந்து மெல்ல ஏறி நடுவில் நின்றது. கொஞ்ச நேரம் நின்றபடி ஓடவிட்டதும் காற்றாடியும் சுற்றி நின்றது. அப்போதுதான் அண்ணனின் லோரி வந்து சேர்ந்தது.

“ஏத்து” என்றார் இறங்காமலேயே.

“ஊசியப் பாருங்கண்ணே.”

“ஊசி நடுவுல இருந்தா இஞ்சின் நல்லாயிருச்சா?”

“அப்ப ‘எச்’ல இருந்தப்ப மட்டும் இஞ்சின் போயிருச்சா?”

ஒயர் முனையிலிருந்து சுரண்டிய உப்பைக் காகிதத்தில் காட்டினேன். அவர் ஓட்டிப் பார்த்த அன்றும் அம்மா ஒரு போத்தல் ஊற்றியிருந்தார். அது அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

“பின்னாடியே வாங்க. எங்க நிக்கிதோ அங்க ஏத்திக்குங்க” என்று ஹெல்மெட்டை மாட்டினேன்.

குரூணிலிருந்து கோலா கெடா 47 கிலோமீட்டர். அலோர் ஸ்டார் நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் வயல். கண்ணாடியில் முழு வழியும் அண்ணனின் காலி லோரி. நான் ஊசியைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிகம் பார்த்தேன். படகுத்துறைக்கு வந்தபோது மணி 12. மீன்பிடிப் படகுகளுக்கு முன்னால் மோட்டாரை நிறுத்தி, போனை அண்ணன் கையிலேயே கொடுத்தேன்.

“நீங்களே எடுங்க.”

எடுத்தார். இரண்டு தடவை, ஏனென்றால் முதல் படத்தில் என் தலை இல்லை. துறைக் கடையில் சாப்பிட்ட லக்சா நூடுல்ஸுக்கும் அவரே காசு கொடுத்தார், கிண்ணம் ஆறு வெள்ளி. சாப்பிட்டு முடித்தபின், “இத அம்மாகிட்ட சொல்லிடாதலா, மனசு கஷ்டப்படும்” என்றார்.

இதே வழியில் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். செர்டாங்கிலிருந்து ஏறக்குறைய 135 கிலோமீட்டர், ஒரு டாங்கி பெட்ரோல் எண்ணெய் தாராளம். ஊசி ஏறினால் உடனே நிறுத்துங்கள், என்னைப்போல் சந்தேகத்தோடு ஓட்டாதீர்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, முகம் வெந்துவிடும். ஆறிய எஞ்சினிலும் ஊசி மேலே நின்றால் சென்சரைப் பாருங்கள். காற்றாடி சுற்றுகிறதா என்று பார்க்காமல் திரும்பக் கிளம்பாதீர்கள். மீட்டரை மட்டும் பார்த்துவிட்டு எஞ்சினைப் பிரிக்கச் சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள், அவர் சொந்த அண்ணனாக இருந்தாலும்.

கிராண்ட் இப்போது என் பெயரில் இருக்கிறது. அம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், “பத்திரமா வந்து சேந்தேல்ல? அப்புறம் என்ன” என்றார். அடுத்த சனிக்கிழமை நான் கிளம்பும்போது போத்தலோடு வாசலில்தான் நின்றார். நான் மோட்டாருக்கு முன்னால் போய் நின்று, ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைக் குனிந்தேன்.

“இங்க ஊத்துங்கம்மா.”

முழுப் போத்தலையும் ஊற்றினார்.