ஜெகநாதன் வீட்டுக் கடல்

சாயப்பட்டறைக்குக் கிளம்புமுன் ஜெகநாதன் கண்ணாடித் தொட்டிக்குள் சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைப்பார். உப்பு ஏறியிருந்தால் நல்ல தண்ணீர் ஒரு டம்ளர் ஊற்றுவார். மரக்காணத்திலிருந்து கேன் கேனாக பஸ்ஸில் வந்த கடல் அது.

எண்பத்து நாலாம் வருஷம் ஆடி மாசத்தில், தொட்டிக்குள் பூப்போல் விரிந்திருந்த கடல் பிராணி, அவருடைய கடல் சாமந்தி, கூழாகிக் கிடந்தது.

“சோப்புக் கைய வுட்டியாடி?” என்று மனைவி கன்னியம்மாள் மேல் பாய்ந்தார்.

“உங்க சமுத்திரத்த நான் எட்டிகூடப் பாக்கல. பொண்டாட்டி மூஞ்சிய வுட்டுட்டு அதையே பாத்துகினு இருந்தது நீங்கதான?”

தொட்டியைத் தெருவில் கவிழ்த்தார். தீபாவளி வரை அவளோடு பேச்சில்லை.

அடுத்த வருஷம் சென்னை வளர்ப்பு மீன் கடைக்காரர்தான் சொன்னார்: கடல் சாமந்திக்குத் தாமிரம் விஷம். ஜெகநாதன் சுத்தமென்று நம்பி ஊற்றி வந்தது செப்புக் குடத்துத் தண்ணீர்.