புழுவை நம்பிய அப்பா

எங்கள் காப்பார் ஊர் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக் கமலநாதனுக்கு லோரி ஓட்டுவது தொழில். வைத்தியம் சொல்வது பொழுதுபோக்கு. துறைமுகத்தில் சரக்கு ஏற்றக் காத்திருக்கும் நேரமெல்லாம் கைபேசியில் கேட்டது, மாலையில் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். நல்ல மனிதர். வாயை மூடமாட்டார், அவ்வளவுதான்.

அவருடைய ஒரே மகள் லோஷினிக்கு ஏழு வயது. ஆஸ்மா இழுப்பு. கிளினிக்கில் கொடுத்த, வாயில் வைத்து மருந்தை உறிஞ்சும் பம்பு அலமாரியில் கிடந்தது. பம்பு அடித்தால் பழகிவிடும், பிறகு காலம் முழுக்க அதோடுதான் என்று அவருக்குப் பயம். பம்பு இல்லாமல் மகளைத் தேற்றிவிட வேண்டும், அது ஒன்றுதான் அவர் நினைப்பு.

பள்ளி விடுமுறை தொடங்கியதும் பிள்ளைக்கு வயிற்றுப் பூச்சி மருந்து கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். இந்த முறை மாத்திரையை என் முன்னாலேயே குப்பையில் போட்டார்.

"வயித்துல புழு இருந்தா அலர்ஜி அடங்கிருமாம் அக்கா. இப்ப பிள்ளைங்க ரொம்ப சுத்தமா வளருதுங்க, அதான் இழுப்பு. நான் எஸ்டேட்ல வெறுங்காலோட திரிஞ்சவன், எனக்கு என்னா வந்துச்சு?"

"புழு என்ன உங்களுக்குச் சொந்தக்காரனா? டாக்டர்கிட்ட கேளுங்க லா," என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அன்றிலிருந்து மாலையானால் லோஷினி செருப்பில்லாமல் கீழே விளையாட்டுத் திடல் மணலில் இருப்பாள். குடியிருப்புப் பூனைகளெல்லாம் வெளிக்குப் போகும் இடம் அது. பிள்ளைக்கோ கொண்டாட்டம், மணல் அப்பிய கையோடு பிஸ்கட் தின்பாள். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவைப் படபடவென்று தட்டினார். தோளில் கிடந்த பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. அவர் மனைவி தொழிற்சாலையில் வேலையில் இருந்தாள். லோரியிலேயே கிளினிக்குக் கொண்டுபோனோம். என் மடியில் அந்தச் சின்ன நெஞ்சு குழிந்து குழிந்து எழுந்தது. வாயை மூடாத அந்த மனிதர் வழி நெடுக ஹார்னை மட்டும் அடித்துக்கொண்டே ஓட்டினார்.

முகமூடி மாட்டி மருந்துக் கேஸ் வைத்ததும் மூச்சு சீரானது. டாக்டர் மாதவி அவரைத் திட்டவில்லை.

"புழுவுக்கும் ஆஸ்மாவுக்கும் தொடர்பு இருக்கலாம்னு ஆராய்ச்சி நடக்குது அண்ணே. சில புழு அலர்ஜியை அடக்கலாம். பூனைகிட்டேருந்து வர்ற புழு இழுப்பைக் கூட்டவும் செய்யலாம். இன்னும் யாருக்கும் உறுதியா தெரியாது. ரத்தம் எடுத்துப் பார்ப்போம். ஆனா பம்பு குடுக்காம விட்டது தப்பு. குடும்பத்துல வேற யாருக்காச்சும் இழுப்பு இருந்துச்சா?"

"இல்ல டாக்டர்," என்றவர் மகளின் நெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "தங்கச்சி ஒருத்தி இருந்தா. அவளுக்கும் இப்படித்தான் நெஞ்சு குழியும். பனி ஒத்துக்கலன்னாங்க. சின்னதுலயே போயிட்டா. இழுப்புன்னு யாருமே சொல்லலையே டாக்டர்."

அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு எங்கே போனதோ. அழுகைதான் வந்தது.

"அவளுக்கு அப்ப இந்தப் பம்பு இருந்திருந்தா?" என்று கேட்டார்.

டாக்டர் பம்பை அவர் கையில் வைத்து, எப்படி அழுத்துவது என்று காட்டினார். கமலநாதன் பம்பை மகளின் வாயருகே கொண்டுபோனார். லோஷினிதான் அப்பாவின் விரலைப் பிடித்து அழுத்தினாள்.